எத்தனை செல் தாங்கும்

மாங்குளத்தில் கைபேசி திருத்தும் கிருசாந்தி, அறுவடை முடிந்த வயலில் ரிமோட் கார் ஓட்டுவாள். புழுதியில் அது மிதந்து போகும்போது தானும் அதற்குள் இருப்பதாக அவளுக்கு ஒரு கனவு. அன்று மாலை புதிய பற்றரியைக் கையில் வைத்துக்கொண்டு, காரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

“மூண்டு செல் வந்தால் எரிஞ்சுபோகும். இது ரெண்டு செல்தான் தாங்கும்.”

வரம்பில் நின்ற தாய் அன்னபாக்கியம் காதைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார். யுத்தத்தில் விழுந்த எறிகணைக்கும் இங்கே செல் என்றுதான் பெயர்.

“ஐயோ அம்மா, நான் பற்றரியைச் சொன்னனான்!”

புதியதை வைத்துவிட்டுப் பழைய இரண்டு செல் பற்றரியைப் போட, கார் மஞ்சள் வெயிலுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. அதையே பார்த்திருந்த அன்னபாக்கியம் மெதுவாகக் கேட்டார்:

“எத்தினை செல் தாங்குவியள் எண்டு எங்களிட்டை ஆரும் கேட்டவையே, பிள்ளை?”