கட்டுச்சோற்றுக் கோப்பு

போன வாரம் வெள்ளையடிப்பதற்காக மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது ஒரு தைல டப்பா கிடைத்தது. திறந்தால் தைலம் இல்லை, ஒரு பென்டிரைவ். வாசனை மட்டும் இன்னும் போகவில்லை. அந்த வாசனை உங்களுக்கு எதை நினைவூட்டுமோ, எனக்கு ஜவ்வாது மலைப் பேருந்துதான். கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேர் நெற்றியில் தைலம் பளபளக்கும். சந்தவாசல்காரன், மலையடிவாரத்தில் பிறந்தவன் என்று மார்தட்டும் நான்தான் முதலில் வாந்தி எடுப்பேன்.

டப்பா காமாட்சியுடையது. மலைமேல் மருத்துவ வண்டி ஓட்டிய ஒரு சிறிய அறக்கட்டளையில் அவர் களப்பணியாளர், நான் கணினி ஆள். கர்ப்பிணிகளின் பெயரையும் ஊரையும் பதிந்தால், வண்டி எந்தெந்த ஊருக்குப் போகவேண்டும் என்று தாள் அச்சடித்துத் தரும் மென்பொருள் ஒன்றை எழுதியிருந்தேன். மலையில் இணையம் கிடையாது. என் மென்பொருளோ புது மாப்பிள்ளை மாதிரி, போன இடத்தில் அது இல்லை இது இல்லை என்று முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒருமுறை தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் ஊர்ப்பெயர்கள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன.

"இன்னா சார், எங்க மலையில எல்லா ஊரும் ஒரே மாதிரி கீது?" என்று சிரித்தார் காமாட்சி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுத்துரு, துணை நிரல்கள், ஓட்டுவதற்கான அடிப்படை மென்பொருள், ஊர்ப்பட்டியல் என அத்தனையையும் ஒரே கோப்புக்குள் அடைத்தேன். எங்கும் எதையும் நிறுவ வேண்டாம், இரண்டு தட்டுத் தட்டினால் ஓடும். பட்டியலில் யாரும் கைவைக்க முடியாதபடி உள்ளேயே பூட்டியும் வைத்தேன். "கட்டுச்சோறு மாதிரிங்க, வெளிய எதையும் கேக்காது" என்று பெருமையடித்தேன்.

"கட்டிக்குடுத்த சோறும் சொல்லிக்குடுத்த சொல்லும் எத்தினி நாளைக்கி சார்?" என்றபடி பென்டிரைவைத் தைல டப்பாவில் போட்டு மூடினார். மழையில் நனையக் கூடாதாம்.

மறுவாரம் வந்தார். "எங்க ஊரு இதுல இல்லீங்களே சார்."

ஈச்சங்கொல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் பதினோரு வீடு. நான் பட்டியல் எடுத்த பழைய தாளில் அது இல்லை.

"அடுத்த வெர்ஷன்ல சேத்துர்றேங்க. இப்போதைக்குப் பக்கத்து ஊர் பேர்ல போட்டுக்குங்க."

"நடுவுல ஓடை கீது சார்."

"தெரியும்ங்க. ஒரு மாசந்தான்."

தெரியாது. அந்த ஓடையை நான் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு பெயருக்காக எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டச் சோம்பல், அவ்வளவுதான். அந்த ஒரு மாதம் மூன்று மாதமானது.

ஐப்பசி மழையில் ஓடை பெருகியது. வண்டி, தாளில் இருந்தபடி பக்கத்து ஊரில் நின்றது, காத்திருந்தது, திரும்பியது. காமாட்சி அன்று வேறு ஊர்ப் பணியில் இருந்தார், ஓட்டுநரோ புதியவர். அக்கரையில் ஓர் ஊர் இருப்பதே அவருக்குத் தெரியாது. பெயர் தாளில் இருந்திருந்தால் மேட்டுப் பாதையில் சுற்றிக்கொண்டு போயிருப்பார். அக்கரையில் காமாட்சியின் அண்ணி, எட்டாம் மாதம், வீங்கிய காலோடும் தலைவலியோடும் நின்றிருந்தார். நான்கு நாள் கழித்துக் குழந்தை வயிற்றிலேயே இறந்தது.

காமாட்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டப்பாவை என் மேசைமேல் வைத்தார். "இந்தாங்க சார், உங்க கட்டுச்சோறு. எங்க ஊருக்கு ஒரு வாய் இல்ல இதுல."

அன்று மதியமே பெயரைச் சேர்த்தேன். கால் மணி நேர வேலை. மேலே எடுத்துப் போகத்தான் ஆளில்லை. காமாட்சி அதன்பிறகு வேலைக்கு வரவில்லை. அந்த மலைப் பேருந்தில் ஏற எனக்கு முகமில்லை.

வண்டி நின்று வருஷங்களாகிறது. அறக்கட்டளை இருந்த கட்டடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. திருத்திய பிரதி இருந்த கணினி எடைக்குப் போயிற்று. காமாட்சி குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டாராம். ஈச்சங்கொல்லையில் இரண்டு வீடுகளில்தான் அடுப்பெரிகிறது என்று சந்தவாசல் கடைத்தெருவில் ஒருவர் சொன்னார்.

பென்டிரைவைச் செருகி இரண்டு தட்டுத் தட்டினேன். கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று சத்தியமாக ஆசைப்பட்டேன். எதையும் கேட்காமல் திறந்துகொண்டது. எழுத்துகள் ஒன்றுகூடக் கட்டமாகவில்லை. அகர வரிசையில் ஊர்ப்பட்டியல். 'இ'யில் தொடங்கும் ஊர்கள் முடிந்ததும் நேரே 'உ' வந்தது.