வெள்ளைச் சங்குபுஷ்பம் போன இடம்

அந்தக் காலத்தில் மரபியல் என்று தமிழில் ஒரு சொல் கிடையாது. ஆகையால் நான் கல்கத்தாவில் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் அக்காவின் கணவர், அத்திம்பேர், "பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறான்" என்று சொல்லிவந்தார். அவர் வெள்ளைக்காரன் கம்பெனி ஒன்றில் கணக்கு அதிகாரி. எதையும் ஒரு வரியில் முடித்துவிடுவார். கல்கத்தாவில் எங்கள் பேட்டையான பெஹாலாவில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பத்தாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், புரோகிதருக்குக் கொடுப்பதுபோல் சம்பாவனை ஏதாவது உண்டா என்றுகூட விசாரித்தார்.

அத்திம்பேர் சொன்னதில் பெரிய தப்பும் இல்லை. நீலச் சங்குபுஷ்பத்தின் மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, வெள்ளைச் சங்குபுஷ்பத்தின் மகரந்தத்தைத் தடவி, மஸ்லின் துணியால் முக்காடு போட்டுவிடுவேன். அந்த விதையிலிருந்து வந்த செடிகள் எல்லாம் நீலமாகத்தான் பூத்தன. வெள்ளை உள்ளே பதுங்கியிருக்கிறது, அடுத்த தலைமுறையில் நாலில் ஒரு செடி வெள்ளையாகப் பூத்தாக வேண்டும் என்பது சித்தாந்தம். பட்டாணியில் அது நிரூபணமான சங்கதி. சங்குபுஷ்பத்திலும் அப்படியே என்று நான் காட்டிவிட்டால் டாக்டர் பட்டம். காட்டாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான், ஏனென்றால் பூஜை விடுமுறையோடு என் உதவித்தொகை நின்றுவிடும்.

கல்லூரியில் அத்தனை செடி போட நிலம் இல்லை. அக்கா வீட்டின் பின்புறம் நல்ல இடம் இருந்தது. மழை தொடங்கியதும் அந்த நீலச் செடிகளின் விதையை அங்கே வரிசை வரிசையாக ஊன்றி, ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் நம்பர் எழுதிய தகரத் துண்டு ஒன்றைக் குத்திவைத்தேன். முதல் வாரம் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "சின்னதா ஒரு மயானம் மாதிரி இருக்குடா" என்றாள்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். குழந்தை இல்லை. அவளுடைய கவலையெல்லாம் சேர்ந்து என் தலையில்தான் விழும். அந்த வருஷம் அவளுடைய கவலை என் ஞாபகசக்தியைப் பற்றியது. ஒரு நாள் குடையை ட்ராமில் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் அதைத் தேடப் போய்ச் செருப்பையும் விட்டுவிட்டு வந்தேன். "இவன் எப்படி டாக்டர் ஆகப்போறான்?" என்று அத்திம்பேரிடம் அழாத குறையாகக் கேட்டாள். கொஞ்ச நாளில், நான் எழுந்ததும் ஒரு டம்ளர் பால் வர ஆரம்பித்தது. குடித்தால் நாக்கில் ஒரு கசப்பு நிற்கும்.

"என்னக்கா இது, இப்படிக் கசக்கறது?"

"படிக்கிற பிள்ளைக்குன்னு குடுக்கறேன். பேசாம குடி."

வங்காளத்து மாடு எதையோ தின்கிறது என்று நினைத்துக்கொண்டு மூக்கைப் பிடித்துக் குடித்துவந்தேன்.

செடிகளும் அதே சமயத்தில்தான் பூக்க ஆரம்பித்தன. நீலம். மறுநாளும் நீலம். நான் காலை ஏழு மணிக்கு எழுந்து பல் தேய்க்காமல் ஓடிப்போய்ப் பார்ப்பேன், கண்ணுக்கெட்டிய வரை நீலமாகவே இருக்கும். போதாக்குறைக்கு அங்கங்கே செடிகள் காணாமல் போயின. தகரத் துண்டு நிற்கும், பக்கத்தில் ஒரு குழி இருக்கும், செடி இருக்காது. பெருச்சாளியின் வேலை என்று பொறி வைத்தேன். அதில் அகப்பட்டது அத்திம்பேரின் கால் கட்டைவிரல்.

என் பேராசிரியர் ஒரு வங்காளி. சீமையில் படித்தவர், வார்த்தையைச் செலவழிக்க மனம் வராதவர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரே கேள்விதான். "வெள்ளை எங்கே?"

"இன்னும் பூக்கவில்லை, ஸார்."

"நீலத்துக்கு இருக்கும் அவசரம் வெள்ளைக்கு இல்லையா?"

பயத்தில் புத்தி பேதலித்தது. பேதலித்த புத்தி ஒரு மகத்தான கொள்கையைக் கண்டுபிடித்தது. அதாவது, வங்காளத்து மண்ணின் ஈரத்தில் வெள்ளை என்னும் குணம் கரைந்து ஒரேயடியாக மறைந்துவிடுகிறது. பட்டாணி குளிர் தேசத்துச் சரக்கு, அங்கே நடப்பது இங்கே நடக்காது! இதைப் பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதும்போது டம்ளர் பக்கத்தில்தான் இருந்தது.

பெருச்சாளி அகப்படாததால், மாசிமா என்று தெருவே அழைத்த பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளின் மேல் சந்தேகம் விழுந்தது. அந்த ஊரில் விடியற்காலையில் யார் வீட்டுப் பூவையும் யாரும் பறிக்கலாம், சாமிக்கென்றால் திருட்டில்லை. அதிலும் அபராஜிதா என்று அவர்கள் சொல்லும் சங்குபுஷ்பம் பூஜைக்கு மிகவும் உகந்தது. ஒரு நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு விடியலில் எழுந்து துளசி மாடத்துக்குப் பின்னால் பதுங்கினேன். நினைத்தபடியே மாசிமா வந்தாள். வேலிக்கு மேலே கொக்கி வைத்த குச்சியை நீட்டி ஒரு நீலப் பூவை இழுத்தாள். நான் பாய்ந்தேன். அவள் அசரவில்லை. தேவியின் பூவைத் தேவி எடுத்துக்கொள்கிறாள், அதற்குத் தகரம் குத்த நீ யார் என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்தாள். தலைக்குக் குளித்து, ஈரத்தலையில் துண்டு, கையில் களைக்கொத்து. எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, கடைசி வரிசையில் குந்தி உட்கார்ந்தாள். அங்கே ஒரு செடி அப்போதுதான் முதல் பூவை விரித்திருந்தது. பால் போன்ற வெள்ளை. நான் அதைக் கண்ணாரப் பார்ப்பதற்குள் கொத்து இறங்கிவிட்டது. செடியை வேரோடு தூக்கி, மண்ணை உதறினாள்.

"அக்கா! என்ன பண்றே?"

"உனக்குத்தான்டா. வெள்ளைக் காக்கணம், நீ சங்குபுஷ்பம்ங்கறியே அதான், அதோட வேர் ஞாபகசக்திக்கு எத்தனை விசேஷம் தெரியுமா? நம்மாத்துல எல்லாருக்கும் குடுப்பா. இந்த ஊர்ல எங்கே போய்த் தேடறதுன்னு இருந்தேன். நீயே கொல்லையில போட்டுட்டே."

"பால்ல போடறது இதுவா?"

"வேறென்ன? அரைச்சு வடிகட்டிப் போடறேன். நீலம் அவ்வளவு விசேஷமில்லே. அதனால அதைத் தொடறதே இல்லே."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சித்தாந்தத்தின் கால் பங்கு என் வயிற்றுக்குள் போயிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா கொத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். அன்று சாப்பிடவில்லை. "நானே என் கையால உன் படிப்பைப் பிடுங்கி அரைச்சுட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை பேராசிரியரிடம், "ஸார், வெள்ளைச் செடிகள் போன இடம் தெரிந்துவிட்டது" என்றேன்.

"எங்கே?"

"நான் குடித்துவிட்டேன்."

அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "குழிகள் இருக்கின்றனவா?" என்றார். இருக்கின்றன என்றேன். ஞாயிற்றுக்கிழமை ட்ராம் ஏறி பெஹாலாவுக்கு வந்துவிட்டார்.

அக்கா புழக்கடைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். பேராசிரியர் குடையால் ஒவ்வொரு குழியாகச் சுட்டி, "தீதி, இது?" என்று அக்கா முறை வைத்து வங்காளியில் கேட்டார். காய்கறிக்காரனிடம் கற்ற வங்காளியில் அக்கா பதில் சொன்னாள். "ஷாதா." வெள்ளை. அடுத்த குழி. "ஷாதா." வரிசை வரிசையாக ஷாதா, ஷாதா என்று கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல் நடந்தது. மாசிமா வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிணற்றடிக் குழிக்கு வந்ததும் அக்கா தலையை ஆட்டினாள்.

"இது ஷாதா இல்லை. இந்துர்." எலி.

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். அந்த ஒரு குழியும் சேர்ந்தால் கணக்கு நாலில் ஒன்றில் கச்சிதமாக உட்காரும். பேராசிரியரும் அதைக் கவனித்துவிட்டார். "நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். இதுவும் வெள்ளையாக இருந்தால் உங்கள் தம்பிக்கு நல்லது."

அக்கா என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "அது பூக்கவே இல்லையேடா. பெருச்சாளி தோண்டினதை நான் பிடுங்கினேன்னு எப்படிச் சொல்லுவேன்?" என்று தமிழில் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன்.

பேராசிரியர் குடையை மடக்கினார். "ஒரு குழியை வேண்டாம் என்று சொன்னாரே, அதனால் மற்றக் குழிகளை எல்லாம் நம்புகிறேன். குழிகளை வெள்ளை என்று எழுது" என்றார். எப்படி எழுதுவது என்றும் அங்கேயே சொன்னார்: வெள்ளைச் செடிகள் பூத்த அன்றே அகற்றப்பட்டன, அகற்றியவர் ஆராய்ச்சியாளரின் தமக்கை, காரணம் ஆராய்ச்சியாளரின் நலன். இனி ஒரு வெள்ளை பூத்தால் அந்தப் பூவை உலர்த்தி ஒட்டு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த வேர் மாட்ரிகுலேஷன் கணக்குக்கும் உதவுமா, தம் பையன் இரண்டு தடவை தவறிவிட்டான் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

மறுநாள் காலை பால் வந்தது. கசப்பில்லை. எப்போதும் நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்று காவல் காக்கும் அக்கா, டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினாள். "வெறும் பால்தான்டா. இனிமே உன்னோடதுல கை வைக்கமாட்டேன்" என்றாள். இத்தனை நாள் மூக்கைப் பிடித்துக் குடித்தவனுக்கு அந்தத் தித்திப்பு ஒரு வாய்க்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

எழுந்து கொல்லைக்குப் போனேன். வேலியோரத்தில் பின்தங்கிய செடி ஒன்று வெள்ளையாகப் பூத்திருந்தது. பூவைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன். பிறகு அக்காவின் களைக்கொத்தை எடுத்து, வேரோடு அதைப் பிடுங்கி, மண்ணை உதறி, சமையலறைக்குக் கொண்டுபோனேன்.

"நன்னா அரைச்சுக் குடு. வாய்ப்பரீட்சை வேற இருக்கு."

அக்கா வேரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பல் தேய்ச்சியா?" என்று கேட்டுவிட்டு, அம்மியைக் கழுவினாள்.