கொப்புளம் வந்தால்தான் ஊசி

2024 ஏப்ரல் 12: மெடிக்கலில் அரிப்பு மாத்திரை, ரூ. 60.
2024 ஏப்ரல் 28: மஞ்சள், கேழ்வரகு, இளநீர், ரூ. 340.
2024 மே 7: கள்ளக்குறிச்சிக்கு ஆட்டோ, ரூ. 700.
2024 ஆகஸ்ட் 19: ஊசியின் விலை விசாரித்தது, ரூ. 2,40,000.

இருசம்மாள் கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டுகிறவள். முழங்கையிலும் முதுகிலும் மூன்று வருஷமாகத் தோல் செதில் செதிலாக உரிந்தது. கரும்புச் சோகை அறுத்த புண் என்று நினைத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்குவாள். அரிப்பு அடங்கிவிடும், வேலைக்குப் போய்விடுவாள்.

சித்திரையில் வயிற்றில் பத்துப் பதினைந்து சீழ்க் கொப்புளம் கண்டது. பக்கத்து வீட்டு ரங்கம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆத்தா முத்துப் போட்டுக்கினு வந்துருக்கா. மாத்திரைய தொடாத. மருந்து தின்னா அவளுக்குக் கோவம் ஜாஸ்தியாவும்."

அன்றே மாத்திரை நின்றது. வாசலில் வேப்பிலை ஏறியது. கணவன் பாவாடை வேலைக்குப் போகவில்லை. யாரும் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. நாளுக்கு நாள் கொப்புளம் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்தது. அம்மைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று முதுகுத் தோல் சேலையோடு வந்துவிட்டது. அப்புறம்தான் ஆட்டோ.

தோல் டாக்டர் மலர்விழி கையுறைகூடப் போடாமல் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இது அம்மை இல்லம்மா. சோரியாசிஸ்லயே மோசமான வகை. இந்தச் சீழ்ல கிருமி கிடையாது, யாருக்கும் ஒட்டாது. நீங்க மெடிக்கல்ல வாங்குன அந்த ஸ்டீராய்டு மாத்திரைய பட்டுனு நிறுத்தினதுதான் தப்பாப் போச்சு."

காப்ஸ்யூல் கொடுத்தார். கொப்புளம் அடங்கியது. ஆனால் ஆகஸ்டில் ரத்தப் பரிசோதனை காப்ஸ்யூலால் சிறுநீரகம் கெடுவதைக் காட்டியது. டாக்டர் அளவைக் குறைத்துவிட்டு, மோனோகுளோனல் ஆன்டிபாடி என்ற ஊசியை எழுதினார். கொப்புளத்தைக் கிளப்பிவிடும் ஒரே ஒரு வேலையை மட்டும் உடம்புக்குள் தேடிப்போய் அடைக்கிற மருந்து என்றார். விலையைக் கேட்ட பாவாடை, "சைபரு ஒன்னு ஜாஸ்தியா சொல்லிட்டீங்களா பாருங்க" என்றான். காப்பீட்டு அட்டையிலும் அந்த ஊசிக்கு இடமில்லை.

இலவசமாகத் தரும் ஓர் அறக்கட்டளைக்கு டாக்டர் எழுதினார். பதில் வந்தது: உடம்பில் புதுக் கொப்புளம் இருக்கும்போது மட்டுமே ஊசி தரப்படும், புகைப்படம் வேண்டும்.

"ரெண்டு நாளு காப்ஸ்யூல நிறுத்திப் பாக்கலாங்களா டாக்டரம்மா? வந்தா போட்டோ புடிச்சு அனுப்பிடலாம்" என்றான் பாவாடை.

"போன தடவை பொழச்சதே பெருசுங்க. அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்."

"தின்னா கிட்னி போவுது, வுட்டா உசுரு போவுதுன்றீங்க. நான் இன்னாதான் செய்றது?" என்று இருசம்மாள் கேட்டாள். டாக்டர் அதே அறக்கட்டளைக்கு இன்னொரு விண்ணப்பம் எழுதினார்: இந்தக் காப்ஸ்யூலை நெடுநாள் தர முடியாது, கொப்புளம் வருமுன்னே ஊசி வேண்டும் என்று.

வேலையும் இல்லை. மேஸ்திரி தனசேகரன், "ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும். ஆளுங்க பக்கத்துல நிக்கணுமே" என்று சொல்லிவிட்டான். கால் நன்றாக இருந்தும் வீட்டைவிட்டுப் போக இடமில்லை. விடிந்ததும் ரவிக்கைக் கையைச் சுருட்டிப் பார்ப்பாள். தோல் சுத்தமாக இருந்தால் ஏமாற்றமாக இருக்கும். அப்படி நினைத்ததற்காகப் பயமாகவும் இருக்கும். ஒருநாள் காலைக் காப்ஸ்யூலை முந்தானையில் முடிந்துவைத்தாள். பாவாடை பார்த்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டான்.

"கொப்புளத்துக்குத் தவம் கெடக்குறவ நான் ஒருத்திதான்யா" என்றாள்.

"முழுங்கு" என்றான். உச்சி வெயில் ஏறும்வரை அவன் எழுந்திருக்கவில்லை. அப்புறம் முடிச்சை அவிழ்த்து விழுங்கினாள்.

இரண்டாம் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. கொப்புளம் கண்டால் மறுபடி எழுதலாம் என்றது அறக்கட்டளை. இதுவே முடிவான பதில். கடிதம் வந்த நாள்: 2024 நவம்பர் 6, புதன்கிழமை.