கிளுவை வேலியும் செல்வியும்

எங்கள் கிளுவை வேலி தன் நிலத்துக்குள் வந்துவிட்டதாக ஒரு வருடமாகச் சண்டை போட்டுவந்த பக்கத்துத் தோட்டத்து ராமசாமி அண்ணன், இன்று காலை சர்வேயரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சர்வேயர் அளந்து, ஓர் இடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். மண்வெட்டியில் 'ணங்'கென்று எல்லைக்கல் தட்டியது.

கல் இருந்தது வேலிக்கு அந்தப் பக்கம், அண்ணனின் மக்காச்சோளத்துக்குள். அதாவது, அவர் உழுதுகொண்டிருந்ததில் இரண்டடி எங்களுடையது.

எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. வேலியில் கிளுவைச் செடி பட்டுப்போன இடத்தில் வருடாவருடம் புதுக்குச்சி ஊன்றுவது என் மனைவி செல்வி. ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை எங்கள் பக்கம் தள்ளித்தான் ஊன்றுவாள். "இப்படியே போனா வேலி வீட்டுக்குள்ள வந்துரும்" என்று நான் கத்தியிருக்கிறேன்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "வேலிய எப்பம்மா தள்ளி வைக்கப் போற?" என்று என் பக்கத்தில் நின்ற செல்வியிடம் கேட்டார்.

"சோளம் கதிர் பிடிச்சிருச்சுண்ணே. அறுத்த பெறகு பாத்துக்கலாம். ஆனா குச்சிய நீங்களே ஊண்டுங்க. நான் ஊண்டுனா மறுபடியும் எம் பக்கந்தான் வரும்."

சர்வேயர் சங்கிலியைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். நான் காரணமே இல்லாமல் மீசையைத் தடவிக்கொண்டேன்.

வேலித் தகராறு உள்ளவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். கிளுவைக் குச்சி எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன். செல்வியைத் தர மாட்டேன்.