சர்க்கார் முளையைப் பிடுங்கிய கயிறு

பழனி வண்டிப்பேட்டையில் கயிற்றுக்கடை வைத்திருந்த தஸ்தகீர் ராவுத்தர் வாயைத் திறந்தால் பாதி பொய். மீதிப் பாதியும் பொய்தான். ஆனால் அதை அவரே நம்பிவிட்டிருந்தார். பெரும்பாறைச் சரிவில் உருண்ட தோட்டத்துரையின் மோட்டாரைத் தன் கடை வடம்தான் மேலே தூக்கியது என்பார். கவுஞ்சிப் பக்கம் ஒரு காட்டெருமையைத் தன் கயிற்றில் கட்டிப் பால் கறந்தார்கள் என்பார். கேட்கிறவன் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். சிரித்தவன் கயிறு வாங்காமல் போனதில்லை.

கடை என்று ஒன்று அவருக்கு வாய்த்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். அதுவரை கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு அய்யம்பாளையம், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று சந்தை சந்தையாக நடந்த ஆள். சுமந்து சுமந்து இடது தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. சட்டை தைக்கிறவனே அளவெடுக்கும்போது, "நேரா நில்லுங்க ராவுத்தரே" என்பான். அவர் நேராகத்தான் நின்றுகொண்டிருப்பார். பேட்டையின் கிழக்கு வரிசையில் நாலு மூங்கில் நட்டுத் தகரம் போட்ட அன்றைக்கு அவர் மனைவி ஜாஹிதா சோறு கொண்டுவந்தாள். பகல் நேரத்தில் புருஷன் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தது அதுவே முதல் தடவை. 

வியாபாரத்தில் ராவுத்தருக்கு ஒரு தந்திரம் உண்டு. கடைக்கு முன்னால் ஒரு முளை அடித்து வைத்திருப்பார். கயிறு வாங்க வந்தவனிடம், "உம்ம மாட்டையே பூட்டி இழுத்துப் பாரும். கயிறு அறுந்தா காசு வேண்டாம்" என்பார். ஒரு நுனி முளையில், மறு நுனி நுகத்தடியில். மாடுகள் ரெண்டு எட்டு இழுத்ததும் முளை பொதுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். "முளை வந்துருச்சு, கயிறு வந்துச்சா பாரும்!" என்று கத்துவார். முளை வரத்தான் செய்யும். அதை அவர் காலையில் வெள்ளனே எழுந்து ஆட்டி ஆட்டித் தளர்த்தி வைப்பது யாருக்குத் தெரியும்?

கந்தம்மாளுக்குத் தெரியும். கிழக்கு வரிசையின் கடைசிக் கடை அவளுடையது. வண்டிக்காரர்களுக்கு இட்லியும் கம்மங்கூழும் விற்றாள். புருஷன் ரங்கூனுக்குப் போனவன் போனவன்தான். தரையோடு சேர்த்து மண்ணால் பிடித்த பெரிய அடுப்பு ஒன்றுதான் அவள் சொத்து, சொந்தம், எல்லாம். ராவுத்தர் முளையை ஆட்டுவதைப் பார்த்தால், "பல்லு விழுந்துருச்சா ராவுத்தரே?" என்பாள். ஆனால் ஒரு வண்டிக்காரனிடமும் போட்டுக்கொடுத்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பேட்டையில்தான் ஒருநாள் தமுக்கு அடித்தார்கள். வண்டிப்பேட்டையை எடுத்துவிட்டு அங்கே ஓட்டுக் கூரை போட்ட மார்க்கெட் வரப்போகிறது, பஸ் நிற்க இடம் வரப்போகிறது, மாட்டு வண்டிகளுக்கு ஊருக்கு வெளியே புது இடம். பிளானில் கண்ட நாலு மூலைக்கும் முளை அடித்து, முளைக்கு முளை சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். கோட்டுக்கு உள்ளே இருக்கும் கடைக்காரருக்குப் புதுக் கட்டிடத்தில் ஒரு கடை. கோட்டுக்கு வெளியே இருந்தாலோ, கோடு கடை மேலேயே ஓடினாலோ, கடையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். கடைசியாகத் தமுக்குக்காரன் குரலை உயர்த்தினான்: முளையைத் தொட்டவனுக்குக் கடை இல்லை.

ஓவர்சியர் குருநாதன் குடையும் அளவுச் சங்கிலியுமாக வந்து அளந்து முளை அடித்தார். கிழக்கு மூலை முளை கந்தம்மாள் கடையைத் தாண்டி, மாடுகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. வரிசை முழுக்க உள்ளே. கந்தம்மாள் அன்று எல்லாருக்கும் ஒரு இட்லி கூடுதலாக வைத்தாள்.

மறுநாள் உச்சி வெயில். பேட்டையில் ஆள் இல்லை. கந்தம்மாள் மலைக்குச் சாமி கும்பிடப் போயிருந்தாள். அய்யம்பாளையத்திலிருந்து தேங்காய் ஏற்றி வந்த திருமலைச்சாமி என்ற வண்டிக்காரர் வடம் வாங்க வந்தார். ராவுத்தரின் முளையைக் காலால் ஒரு எத்து எத்தினார். அது ஆடியது.

"இது முளையா, கூத்தாடியா? இதுல கட்டினா வாழநாருகூட அறாது" என்றார்.

ராவுத்தருக்குச் சுருக்கென்றது. சுற்றிப் பார்த்தார். பேட்டையிலேயே தடித்த முளை, வைரம் பாய்ந்த கருவேலமரத்தில் செதுக்கியது, தொட்டிப் பக்கத்தில் நின்றது.

"அப்ப சர்க்கார் முளையில கட்டிப் பாப்பமா? அது ஆடாதுல்ல?"

திருமலைச்சாமி தயங்கினார். ராவுத்தர் தயங்கவில்லை, வாய் ஓடினால் அவர் கையும் கூடவே ஓடும். வடத்தைக் கட்டினார். மாடுகள் முட்டி போட்டு இழுத்தன. வடம் விறைத்தது. தொட்டித் தண்ணீர் வழிந்து வழிந்து ஊறிப்போன மண். சளக்கென்று ஒரு சத்தம். சர்க்கார் முளை, மண்ணும் சேறுமாக, வடத்தின் நுனியில் மாட்டிக்கொண்டு வந்தது.

திருமலைச்சாமி வடத்தை வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு, "நான் எதையும் பாக்கல சாமி" என்று வெரசாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ராவுத்தர் முளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். குழி இருந்த இடம் பன்றி கிளறியது போலக் கிடந்தது. திரும்ப அடித்தால் நிற்கவில்லை, சாய்ந்தது. தூரத்தில் யாரோ வரும் சத்தம். உள்பக்கமாக மூன்று முழம் தள்ளி மண் கெட்டியாக இருந்தது. அங்கே வைத்து, தன் கடை முளைக்கு வைத்திருந்த சம்மட்டியால் அடித்து இறக்கினார். சேற்றுக்குழியைக் காலால் மூடி மிதித்தார். மூன்று முழம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் ஆட்கள் வந்து முளைக்கு முளை கயிறு பிடித்துச் சுண்ணாம்பு தூவினார்கள். அந்தக் கோடு மேற்கிலிருந்து நேராக வந்தது, ராவுத்தர் கடையின் பின்மூங்கிலை ஒரு சாண் விட்டுக் கடந்தது, கந்தம்மாள் கடைக்குள் நுழைந்தது, அவள் அடுப்பின் நடுவாய் வழியாகப் போனது.

கந்தம்மாள் அடுப்பின் மேல் விழுந்த வெள்ளையைப் பார்த்தாள். கத்தவில்லை. அதுதான் ராவுத்தருக்குப் பயமாக இருந்தது. அவள் கத்தாத நாளை அவர் பார்த்ததே இல்லை.

"நேத்து உள்ள இருந்தேன். இன்னிக்கு வெளிய இருக்கேன். நடுவுல நான் என்ன நடந்தா போனேன், ராவுத்தரே?"

"கோடு போடுறவன் கண்ணு சரியில்ல போல" என்றார் ராவுத்தர். அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே ரொம்பச் சின்னது அதுதான். அதைமட்டும் அவராலேயே நம்ப முடியவில்லை.

கடைக்காரர் பேரெழுத நாளை மறுநாள் முனிசிபல் சேர்மனும் ஓவர்சியரும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ரெண்டு நாளும் கந்தம்மாள் மாவை மிச்சம் வைக்காமல் சுட்டுத் தள்ளினாள். "கடையே போறப்ப மாவு எதுக்கு? தின்னுட்டுப் போங்க" என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வைத்தாள். ராவுத்தருக்கு நாலு இட்லி வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்னியில் ஈ உட்கார்ந்தது.

"என்ன, உப்புக் கரிக்குதா?"

"இல்லம்மா. வயிறு சரியில்ல."

"கயிறு விக்கிறவருக்கு வயித்துல முடிச்சு விழுந்துருச்சோ?" என்றாள். சிரிக்கவில்லை.

வீட்டில் ஜாஹிதாவிடம் சொல்லிவிட்டார். அவளிடம் மட்டும் அவருக்குப் பொய் சொல்ல வராது. முயன்று பார்த்துத் தோற்ற விஷயம் அது.

"சொன்னா என்ன ஆகும்?" என்றாள் ஜாஹிதா.

"நம்ம கடை போகும்."

"சொல்லலைன்னா?"

"அவ கடை போகும்."

ஜாஹிதா குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். "நமக்கு ரெண்டு காலு இருக்கு, தோளு இருக்கு" என்று ஆரம்பித்தாள். திரும்பி அவர் இடது தோளைப் பார்த்தாள். மீதியைச் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. ராவுத்தருக்கு அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

சேர்மன் வந்தார். பேட்டையே கூடி நின்றது. குமாஸ்தா ஒவ்வொரு கடையாகப் போய்ப் பேர் கேட்டு எழுதினான்.

"கயித்துக்கடை தஸ்தகீர் ராவுத்தர். உள்ள."

ராவுத்தர் தலையாட்டினார். குமாஸ்தா நகர்ந்தான்.

"இட்லிக்கடை கந்தம்மாள். கோடு அடுப்பு மேல ஓடுது. வெளிய."

கந்தம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, "எப்பக் காலி பண்ணணும்?" என்று மட்டும் கேட்டாள். குமாஸ்தா பதில் சொல்ல வாயெடுத்தான்.

"சார்! அந்த முளை பொய்யி!"

எல்லாரும் திரும்பினார்கள். ராவுத்தருக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. "நான்தான் சார் பிடுங்கினேன். வடம் கட்டி இழுத்தேன், வந்துருச்சு. தப்பான எடத்துல அடிச்சிட்டேன். அது தொட்டிப் பக்கம் இருந்துச்சு."

 கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "கவுஞ்சி காட்டெருமைய விட்டு இழுத்தீரா ராவுத்தரே?" என்றான்.

ஓவர்சியர் குருநாதனின் முகம் சுண்டியது. "கருவேல முளை. முழங்கால் ஆழம் இறக்கியிருக்கேன். எந்தக் கயிறு அதப் பிடுங்கும்? அந்தம்மாவுக்குப் பரிஞ்சு பேசுறான் சார் இந்த ஆளு."

சேர்மனுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "அப்படியா? பிடுங்கினவர் இன்னொரு தடவ பிடுங்கிக் காட்டட்டுமே" என்றார்.

தண்ணி வண்டி மாடுகளை அவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். ராவுத்தர் கடையிலேயே தடித்த வடத்தைத் தேர்ந்தெடுத்தார்.  இந்த முளையைக் கெட்டி மண்ணில் அடித்தது அவர்தான். எப்படி அடித்தோம் என்று அவருக்குத்தான் தெரியும். அவசரத்திலும் நல்லாத்தான் அடித்திருந்தார், பாவி.

மாடுகள் இழுத்தன. முளை அசையவில்லை. சாட்டை விழுந்தது. குளம்புகள் மண்ணைக் கீறின. வடத்தில் ஒரு புரி தெறித்தது. டிக் என்று சத்தம். இன்னொன்று. ராவுத்தர் உள்ளங்கையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.  மூன்றாவது புரி போனதும் வடம் படாரென்று அறுந்து, நுனி பாம்பு மாதிரித் திரும்பி வந்து அவர் முழங்காலில் அடித்தது. மாடுகள் முன்னால் போய் விழுந்தன.

பேட்டை அதிரச் சிரிப்பு. அத்தனை வருஷம் அறாத கயிறு, ஊர் முழுக்கப் பார்க்க, சேர்மன் பார்க்க அறுந்தது.

ராவுத்தர் சிரிப்பை எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ஓவர்சியரை யோசிக்கவைத்தது. ராவுத்தர் நொண்டிக்கொண்டே தொட்டிப் பக்கம் போனார், குனிந்தார், ஈர மண்ணைக் கையால் கிளற ஆரம்பித்தார். "இங்கதான் சார். இந்த எடந்தான். நம்பலைன்னாலும் ஒரு தடவ பாருங்க சார்."

குருநாதன் குடையை மடக்கினார். மூலை முளைக்கு அடியில் ஒரு கை அடுப்புக்கரி போட்டுவிட்டுத்தான் முளை அடிப்பது அவர் வழக்கம். மரம் மக்கினாலும் கரி மக்காது, இடம் தெரியும் என்பதற்காக. அது பேட்டையில் வேறு யாருக்கும் தெரியாது. ராவுத்தருக்கும் தெரியாது. தன் முளை நகர்ந்தது என்று ஒத்துக்கொள்ளக் குருநாதனுக்கு மனசில்லைதான். ராவுத்தரின் சேறு அப்பிய கையைப் பார்த்தார். அப்புறம் ஆளைக் கூப்பிட்டார்.

"கடப்பாறையக் கொண்டா. இங்க தோண்டு."

ஒரு முழம் தோண்டியதும் சேற்றில் கறுப்பாகத் தெரிந்தது. கரித்துண்டுகள்.

குருநாதன் சங்கிலி போட்டு அளந்தார். தொட்டிப் பக்கமே சரி. சுண்ணாம்பை அழித்துப் புதுக்கோடு போட்டார்கள். அது கந்தம்மாள் கடையைச் சுற்றிக்கொண்டு வெளியே போனது. குமாஸ்தா அவள் பேரை உள்ளே எழுதினான். பிறகு ராவுத்தரைப் பார்க்காமல், ஒரு பேரின் மேல் கோடு இழுத்தான். தமுக்கு அடித்துச் சொன்னது சொன்னதுதான்.

கந்தம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று ராவுத்தர் பயந்தார்.

"ரெண்டு நாளா என் எதுக்கவே உக்காந்துட்டு வாயத் தொறக்கலையே. ஊருக்கெல்லாம் தொறக்குற வாயி! மாவெல்லாம் போச்சு. யாரு குடுப்பா அத?" என்று கத்தினாள். வெகுநேரம் கத்தினாள். ராவுத்தருக்குக் காதுக்கு இதமாக இருந்தது.

மார்க்கெட் கட்டி முடித்துத் திறந்தார்கள். கந்தம்மாளுக்கு வாசல் பக்கம் ஒரு கடை, சிமெண்டு அடுப்போடு. ராவுத்தர் கயிற்றுச் சுருளை வலது தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஊருக்கு வெளியே புதுப் பேட்டைக்கும் சந்தைகளுக்கும் நடந்தார். இழுத்துக் காட்டும் வித்தையை விட்டுவிட்டார். காட்டெருமைக் கதையை மட்டும் விடவில்லை. அன்றைக்கு அறுந்த வடத்தைப் பற்றி யாராவது கிண்டினால், "அந்த முளையக் கெட்டி மண்ணுல அடிச்சவன் யாருன்னு நெனச்சீரு?" என்பார்.

ஐப்பசியில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. ராவுத்தர் மார்க்கெட் வாசலில் ஓட்டுக் கூரைக்கு வெளியே சுருளோடு நின்றார்.

"ராவுத்தரே! கயித்த உள்ள கொண்டாந்து போடும். நனையுதுல்ல?" என்று கந்தம்மாள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"இருக்கட்டும்மா. கயித்த எடைக்குத்தான குடுக்கேன். நனைஞ்சா எடை கூடும்."

"அப்ப நல்லா நனையும்" என்று அவள் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, கூழ்ப்பானைகளைச் சுவரோடு நகர்த்தி, ஒரு சுருள் வைக்கிற அளவுக்குத் தரையைத் துடைத்துவிட்டாள்.