செல்போன் சிப்புக்குக் கேட்ட பூ

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் குடும்பத்தில் சின்ன விஷயமில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவோம். மனசில் நினைத்ததை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் உத்தரவு.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றதும், மகளுக்குப் பாலவனத்தத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளைக்காகத்தான் என்று நினைத்தேன். மானாவாரிக் காட்டை விற்ற பணம் அவள் கல்யாணத்துக்கென்று பேங்கில் கிடந்தது. நரிக்குடிப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலில் கண்ணை மூடி உருகி நின்றேன். வெள்ளை வந்தது. அழுதே விட்டேன். மகள் தலையில் வைக்க அந்தப் பூவை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

திரும்பும்போது கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினார். அங்கே கரைமேல் ஏறினால்தான் சிக்னல். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லப் போகிறார் என்று நானும் ஏறினேன். அவர் யாரையும் கூப்பிடவில்லை. போனை அழுத்திக்கொண்டே விளக்கம் சொன்னார். செல்போனுக்குள் வைக்கிற சிப்பு செய்யும் வெளிநாட்டுக் கம்பெனிகள் இரண்டாம். அடுத்து வரும் 6ஜி யாருடைய முறையில் ஓடுவது என்று இரண்டுக்கும் போட்டியாம். ஜெயிக்கிற கம்பெனியின் ஷேர் ஏறுமாம். சிவப்பை ஒன்றுக்கும் வெள்ளையை மற்றதற்கும் நினைத்துக்கொண்டாராம். கல்யாணப் பணம் மொத்தமும் வெள்ளைக்கு நினைத்த கம்பெனி ஷேருக்காம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஆத்தாளே எடுத்துக் குடுத்துட்டா, நீ ஏன் கெடந்து துள்ளுற?" என்றார்.

"போன் பேச கரையேறுற ஊர்ல இருந்துக்கிட்டு, எவன் சிப்பு ஜெயிக்கும்னு அவகிட்டயா கேட்டீக? ஒங்க சூதுக்கு ஆத்தாதான் புரோக்கரா?"

போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பணம் இன்னும் போகவில்லை. பிடுங்கிக்கொண்டு காய்ந்த கண்மாய்க்குள் இறங்கினேன்.

"ஏய், சிக்னல் போயிரும்டி."

"போகட்டும்."

கருவேல மரங்கள் வரைக்கும் நிற்காமல் நடந்தேன். சிக்னல் போய் வட்டம் நின்றது. பணம் தப்பியது.

மறுநாளே அதை மகள் பேரில் டெபாசிட் போட வைத்தேன். அந்த ஷேர் ஏறிவிட்டதென்று இன்றும் முனகுகிறார். ஏறட்டும். மாப்பிள்ளைக்காக மறுபடி பூக்கேட்க எனக்கு மூஞ்சியில்லை. பாலவனத்தத்தில் விசாரித்துத்தான் பேசி முடித்தோம்.

முந்தானையில் முடிந்த பூதான் மிஞ்சிப்போனது. ஆத்தா காலடியில் கிடந்தது, எறிய முடியாது. கம்பெனிக்குக் கேட்டது, மகள் தலையில் வைக்கவும் மனசில்லை. சாமி படத்தடியில் சருகாகிக் கிடக்கிறது. அவர் திருநீறு எடுக்க வரும்போதெல்லாம் நான் அதைத்தான் காட்டுகிறேன்.