பத்துக்கு எத்தனை

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் சுபஸ்ரீக்கு, மற்றவர்களின் வேலையை அளப்பதுதான் வேலை. கையில் ஸ்டாப்வாட்ச், அட்டையில் செருகிய ஒரு தாள். காலர் வைத்துத் தைக்க எத்தனை நொடி, ஓரம் மடித்து அடிக்க எத்தனை நொடி என்று டெய்லருக்குப் பின்னால் நின்று குறிப்பார். அதிலிருந்துதான் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வரும். அவர் வந்து நின்றால் அந்த வரிசையில் பேச்சு நின்றுவிடும். கைகளும் கொஞ்சம் மெதுவாகும்.

பொங்கலூர்ப் பக்கம் தோட்டத்துக் குடும்பம் அவருடையது. கோவையில் கல்லூரியில் படித்த நான்கு வருடமும் கால்பந்து ஆடியவர். கல்யாணத்துக்குப் பிறகு பந்தைத் தொட்டதில்லை என்பார். கம்பெனிகளுக்கிடையே பெண்களுக்கு ஒரு கால்பந்துப் போட்டி நடக்கப் போகிறது என்று தெரிந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. அவரே போய் மேனேஜரிடம் கேட்டு, பயிற்சி கொடுக்கும் பொறுப்பை வாங்கிக்கொண்டார். நான் அப்போது, ஆர்டர் கொடுக்கும் பையர்களோடு பேசும் மெர்ச்சன்டைசிங் பிரிவில் இருந்தேன். உயரமாக இருக்கிறேன் என்று என்னைக் கோல்கீப்பர் ஆக்கினார்.

பதினான்கு பேர் சேர்ந்தோம். பெரும்பாலும் டெய்லர்கள். வாரத்தில் நான்கு நாள், காலை ஆறு மணிக்கு, ராயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் பயிற்சி. ஏழே காலுக்கு முடித்துக் கிளம்பினால்தான் எட்டரைக்கு மிஷினில் உட்கார முடியும்.

பயிற்சி முடிந்ததும் வட்டமாக உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்பார். "இன்னைக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுங்க? ஒண்ணுமே தெரியலீன்னா சைபர். இதுக்கு மேல முடியாதுன்னா பத்து."

அந்த எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்கி நோட்டில் எழுதுவார். ஓடிய தூரத்தை யார் வேண்டுமானாலும் அளக்கலாம், அந்த ஓட்டம் உடம்புக்கு எப்படி இருந்தது என்று ஓடியவர்தான் சொல்ல முடியும், பெரிய அணிகளிலும் இப்படிக் கேட்கிறார்கள் என்று விளக்கினார். தலையாட்டினோம். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னோம். ஒன்பது. எட்டு. ஒன்பது. ஒன்பது. வலைக்கு முன்னால் சும்மா நின்ற நாளிலும் நான் எட்டு என்றேன். நதியா மட்டும் "மூணு மேடம்" என்றாள்.

நதியா, துணி விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் டெய்லர். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூர் வந்து பத்து வருடமாகிறது. எங்களில் யாரும் அவளைப் போல ஓடியதில்லை. மூச்சு இரைக்க, சட்டை முழுக்க நனைந்து உட்கார்ந்திருப்பாள். கேட்டால் மூன்று.

சுபஸ்ரீ எண்களை நம்பினார். எங்களுக்கு ஓட்டத்தைக் குறைத்தார், நதியாவுக்குக் கூட்டினார். மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, ஓடிக்கொண்டிருந்தவள் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடவில்லை. தசை கிழிந்திருக்கிறது, ஒரு மாதம் ஓடக் கூடாது என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் சுபஸ்ரீயும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் கணவன் முனீஸ் டீ போட்டுக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனான்.

"ஏனுங்க நதியா, வலி முன்னாடியே இருந்துச்சுங்களா?" என்று கேட்டார் சுபஸ்ரீ.

"ஒரு வாரமா இழுத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு மேடம்."

"அப்பறம் ஏனுங்க சொல்லலை?"

நதியா காலை நீட்டி வைத்துக்கொண்டாள். "ஒரு தடவை சொன்னேன் மேடம். ரெண்டு வருசத்துக்கு முந்தி. காலர் வச்சுக்கிட்டு இருக்கையில வாட்ச்சோட வந்து நின்னீக. தோளு வலிக்குதுன்னேன். மறுநாளு என்னைய மிசின்ல இருந்து எடுத்துப் நூல் பிசிறு வெட்ட விட்டுட்டாக. ஆறு மாசம் கழிச்சுத்தான் ஓவர்லாக் குடுத்தாக. இங்கயும் கஷ்டம்னு சொன்னா டீம்ல இருந்து எடுத்துருவீகன்னு நெனச்சேன்."

சுபஸ்ரீ என் பக்கம் திரும்பினார். "அப்ப மத்தவங்க எல்லாம் ஏன் ஒம்பது ஒம்பதுன்னாங்க?"

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "லேசா இருக்குன்னு சொன்னா நாளைக்கு இன்னும் ஏத்துவீங்கன்னுதானுங்க. டார்கெட் மாதிரி."

திரும்பும்போது வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார். பிறகு சொன்னார். "அவங்க தோள் வலின்னு சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை கண்ணு. ஆனா, ஆளை மாத்தலாம்னு தாள்ல நான்தான் எழுதியிருப்பேன்."

அடுத்த பயிற்சியில் அதை எல்லாரிடமும் ஒளிக்காமல் சொன்னார். "இந்த நம்பரை வச்சு யாரையும் டீம்ல இருந்து எடுக்க மாட்டேனுங்க. கம்பெனிக்குள்ளயும் இது போகாது. என்ற முன்னாடி சொல்ல வேண்டாம், இவகிட்டச் சொல்லுங்க" என்று நோட்டை என் கையில் கொடுத்தார். பயிற்சி முடிந்து அரைமணி கழித்து, நான் போனில் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அன்றிலிருந்து அவரும் எங்களோடு ஓடினார். புது நோட்டில் முதல் எண் அவருடையது, ஒன்பது. ஷூவைக் கழற்றக்கூட அவரால் குனிய முடியவில்லை.

வெறும் எண் பிடிபடவில்லை என்று சிலர் சொன்னதால் எண்களுக்குப் பெயர் வைத்தோம். இரண்டு, ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது. ஐந்து, கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது. ஏழு, ஷிப்மெண்டுக்கு முந்தின நாள். பத்து எது என்று மட்டும் முடிவாகவில்லை. ஒருத்தி பிரசவம் என்றாள். பிள்ளை பெறாதவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

மெல்ல எண்கள் பிரிந்தன. நான்கு, ஆறு, எட்டு. எனக்குப் பல நாள் இரண்டுதான். ஒரு மாதத்து நோட்டைப் பார்த்தபோது, அதே பயிற்சிக்கு வியாழக்கிழமைகளில் எல்லாருடைய எண்ணும் ஏறியிருந்தது. புதன்கிழமை ஓவர்டைம் பார்த்த உடம்போடு வருகிறோம் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. சுபஸ்ரீ வியாழக்கிழமை ஓட்டத்தை நிறுத்தி, நின்ற இடத்தில் பந்தைத் தட்டிக் கொடுக்கும் பயிற்சியை மட்டும் வைத்தார்.

கம்பெனியிலும் கேட்டுப் பார்த்தார். நொடிகளுக்குப் பக்கத்தில் டெய்லர் சொல்லும் எண்ணுக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்றார். மேனேஜர் தனபால் மரியாதையாகத்தான் மறுத்தார். "பையர் நிமிஷத்தைத்தானுங்க கேக்கறான். ஒருத்தர் எட்டுன்னு சொன்னா அதை வச்சு நாம என்னங்க பண்றது?"

சுபஸ்ரீ தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனாலும், பேர் எழுதாமல், தாளின் பின்பக்கம் பென்சிலால் எண்களைக் குறிக்க ஆரம்பித்தார். நொடிகள் சரியாக இருந்த ஓர் இடத்தில் நான்கு பேர் எட்டு என்றார்கள். போய்ப் பார்த்தால், தைத்த துணியை ஒவ்வொரு முறையும் இடுப்பைத் திருப்பிப் பின்னால் போட வேண்டியிருந்தது. கூடையை இடப்பக்கம் நகர்த்தி வைத்தார். மறுவாரம் ஆறு என்றார்கள்.

போட்டியில் இரண்டாவது ஆட்டத்திலேயே இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். இரண்டு கோலும் என் கைக்கு அடியில் போனவை. கடைசிப் பதினைந்து நிமிடம் நதியா இறங்கி ஆடினாள். முடிந்து எல்லாரும் பப்ஸ் தின்றுகொண்டிருந்தபோது நான் நோட்டோடு அவளைத் தேடினேன். அவள் ஏற்கனவே சுபஸ்ரீயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏழு அக்கா," என்று அவரிடமே சொன்னாள். பிறகு யோசித்து, "ஏழரை. காலு கொஞ்சம் பயந்துச்சு" என்றாள்.

சுபஸ்ரீ சரியென்று தலையசைத்தார். காலர் வரிசைக்குத் திரும்ப வருகிறீர்களா, மேனேஜரிடம் பேசட்டுமா என்று கேட்டார்.

"வேணாம்க்கா. ஓவர்லாக்குலயே கை பழகிருச்சு," என்றாள் நதியா.